பிஏ டூ பிளஸ் கால்குலேட்டர்: இன்ஜினியரிங் படிக்காமல் எம்பிஏ சேருபவருக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

இன்ஜினியரிங் பட்டம் இல்லாமல் பிசினஸ் ஸ்கூலில் சேருபவர்கள் பலர் வகுப்பு தொடங்கும் முன்பே தங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கணக்கு நமக்கு வராது. படித்தது இலக்கியமாக இருக்கலாம், சட்டமாகவோ மருத்துவமாகவோ உளவியலாகவோ இருக்கலாம், இந்த எண்ணம் மட்டும் மாறுவதில்லை. ஆனால் முதல் பருவத்து நிதிப் பாடத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது பெரும்பாலும் பெருக்கல், வகுத்தல், அடுக்கு. பள்ளியிலேயே பார்த்தவைதான். தடுக்கி விழவைப்பவை வேறு இரண்டு. ஒன்று, பணம் கைக்கு வருகிறதா, கையை விட்டுப் போகிறதா என்பது. இன்னொன்று, எந்தத் தேதியில் என்பது. இந்த இரண்டிலும் இன்ஜினியருக்கு எந்த முன்னனுபவமும் கிடையாது. அவரும் அன்றுதான் தொடங்குகிறார்.

நிதிக் கணக்குகளுக்கென்றே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கும் ‘பிஏ டூ பிளஸ்’ கால்குலேட்டரை இந்தக் கோணத்தில்தான் மதிப்பிட வேண்டும். வேகம் அதன் பெரிய சிறப்பு அல்ல. திசையையும் தேதியையும் சரியாகச் சொல்லாவிட்டால் சரியான விடையைத் தராது என்பதுதான் சிறப்பு. அதனால் கணக்குப் போடும்போதே பாடமும் மனதில் ஏறுகிறது. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே பயன்படுத்தத் தொடங்கினால் இதே கருவி நம்பும்படியான தவறான விடைகளைத் தரும். எனவே பாராட்டுக்கு முன் எச்சரிக்கைகள்.

வாங்கியதும் மாற்ற வேண்டியவை

விசைகளின் பெயர்களை ஒலிப்படியே தமிழில் எழுதுகிறோம். மேல் வரிசைகளில் சிபிடி, என்டர், மேல் கீழ் அம்புகள். இடதுபுறம் செகண்ட் விசை. மூன்றாவது வரிசையில் என், ஐ/ஒய், பிவி, பிஎம்டி, எஃப்வி என்ற ஐந்து விசைகள். கருவியின் உயிர் இந்த ஐந்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் மேலே சிறிய எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். அதை எடுக்க முதலில் செகண்டை அழுத்த வேண்டும்.

முதல் வேலை தசம இடங்கள். கருவி வரும்போது இரண்டு தசமம் மட்டும் காட்டும்படி வருகிறது. 0.0042 என்ற மாத வட்டி விகிதம் திரையில் 0.00 என்று நிற்கும்; புதியவர் ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பதறுவார். செகண்ட், பிறகு புள்ளி விசை (அதன் மேல் ஃபார்மட் என்று இருக்கும்), 9, என்டர். இனி தேவையான அளவு தசமங்கள் தெரியும்.

அதே ஃபார்மட் பட்டியலில் கீழ் அம்பை நான்கு முறை அழுத்தினால் ‘சிஎச்என்’ என்று வரும். செகண்ட், செட் அழுத்தி அதை ‘ஏஓஎஸ்’ ஆக்குங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாததால் வீணாகும் மதிப்பெண்கள் ஏராளம். சிஎச்என் நிலையில் கருவி எண்களை வந்த வரிசையிலேயே விழுங்கும். 2 + 3 × 4 என்றால் 20 என்று சொல்லும். ஏஓஎஸ் நிலையில்தான் பெருக்கல் முதலில் நடந்து 14 வரும். நிதி வகுப்பில் இது எங்கே கடிக்கும் என்று பாருங்கள்: இடரற்ற விகிதம் 4, பீட்டா (சந்தையோடு ஒப்பிட்டால் ஒரு பங்கு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற அளவு) 1.5, சந்தைப் பிரீமியம் (இடரற்ற விகிதத்துக்கு மேல் சந்தை தரும் கூடுதல் வருவாய்) 6 என்றால் எதிர்பார்க்கும் வருவாய் 4 + 1.5 × 6, அதாவது 13 சதவீதம். மாற்றாத கருவி 33 என்று காட்டும். 33 என்பது கண்ணில் பட்டுவிடும். எண்கள் சிறியதாக இருக்கும்போதுதான் தவறு தெரியாமல் போய்விடும்.

அடுத்தது பி/ஒய், ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்பு. புதிய கருவிகளில் இது 1 என்று வருகிறது. பழையவற்றில் 12 என்று இருக்கும். செகண்ட், ஐ/ஒய் அழுத்திப் பாருங்கள். 12 என்று இருந்தால் 1, என்டர், பிறகு செகண்ட், சிபிடி (அதன் மேல் குவிட்). மாதத் தவணை வரும்போதெல்லாம் இதை 12 ஆக மாற்றச் சொல்லும் பாடநூல்களும் உண்டு. அந்த வழி தவறில்லை. ஆனாலும் தொடக்க நிலையில் இருப்பவர் இதை எப்போதும் 1 ஆகவே வைத்துக்கொண்டு, ஆண்டு விகிதத்தைத் தாமே 12 ஆல் வகுத்து ஐ/ஒய்யில் போடுவதையே பரிந்துரைக்கிறோம். காரணம் இரண்டு. ‘ஒரு தவணைக்கு எவ்வளவு வட்டி’ என்ற கேள்வியை ஒவ்வொரு முறையும் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். நேற்றைய கணக்குக்காக மாற்றிய அமைப்பு இன்றைய கணக்கில் மறைந்திருந்து கெடுப்பதும் நடக்காது.

கடைசியாக, தவணை காலத்தின் முடிவிலா, தொடக்கத்திலா என்பது. செகண்ட், பிஎம்டி அழுத்தினால் ‘எண்ட்’ அல்லது ‘பிஜிஎன்’ என்று தெரியும். செகண்ட், செட் மாற்றும். எண்ட் நிலையில் திரையில் எந்த அடையாளமும் இருக்காது. பிஜிஎன் நிலையில் மட்டும் திரையின் மேல் அந்த மூன்று எழுத்துகள் சிறியதாகத் தெரியும். ஒவ்வொரு கணக்குக்கும் முன் கண் அங்கே ஒருமுறை போய்வர வேண்டும்.

ஐந்து விசைகள்

என் என்பது எத்தனை தவணை. ஐ/ஒய் ஒரு தவணைக்கான வட்டி, சதவீதமாகவே. பத்து சதவீதம் என்றால் 10, 0.10 அல்ல. பிவி இன்றைய தொகை. பிஎம்டி ஒவ்வொரு தவணையும் ஒரே அளவில் வரும் அல்லது போகும் தொகை. எஃப்வி இறுதியில் நிற்கும் தொகை. நான்கைக் கொடுத்தால் ஐந்தாவதைக் கருவி தரும்.

எண் முதலில், விசை பிறகு. வினைச்சொல் கடைசியில் வரும் மொழியில் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை சீக்கிரம் பிடிபடும்: ‘அறுபதை என்னில் போடு’ என்பதுதான் 60, என். விடைக்கு சிபிடி, பிறகு தேவையான விசை.

ஒரு கடனை எடுத்துக்கொள்வோம். 5,00,000 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம், 60 மாதத் தவணை. முதலில் செகண்ட், எஃப்வி (மேலே சிஎல்ஆர் டிவிஎம் என்று இருக்கும்) அழுத்திப் பழைய எண்களைத் துடைக்க வேண்டும். பிறகு 60 என், 1 ஐ/ஒய், 5,00,000 பிவி, 0 எஃப்வி, சிபிடி பிஎம்டி. விடை: கழித்தல் 11,122.22.

அந்தக் கழித்தல் குறியில்தான் பாடம் இருக்கிறது. கடன் வாங்கியவர் பக்கம் நின்று பார்த்தால் 5,00,000 கைக்கு வந்தது, எனவே அது கூட்டல். தவணை கையை விட்டுப் போகிறது, எனவே கழித்தல். வங்கியின் பக்கம் நின்றால் இரண்டும் தலைகீழாகும். யாருடைய பணப்பையிலிருந்து பார்க்கிறோம் என்று முடிவு செய்யாமல் ஒரு கணக்கையும் தொடங்க முடியாது. வகுப்பில் ஒரு வாரம் விளக்கினாலும் மங்கலாகவே நிற்கும் இந்த விஷயம், கருவியில் பத்துக் கணக்குப் போட்டால் விரலுக்கே பழகிவிடும்.

குறியை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் வேண்டுமென்றே ஒருமுறை செய்து பாருங்கள். 1,00,000 முதலீடு 6 ஆண்டில் 2,00,000 ஆகிறது, விகிதம் என்ன? 6 என், 1,00,000 பிவி, 0 பிஎம்டி, 2,00,000 எஃப்வி, சிபிடி ஐ/ஒய். திரையில் ‘எரர் 5’ என்று வரும், அதாவது விடை இல்லை. கருவி கேட்பது நியாயமான கேள்வி: இன்றும் பணம் வாங்கினாய், ஆறு ஆண்டு கழித்தும் பணம் வாங்கினாய், எதுவுமே கொடுக்கவில்லை, இதில் வட்டி எங்கிருந்து வரும்? சிஇ/சி (திரையைத் துடைக்கும் விசை) அழுத்திவிட்டு, 1,00,000 என்று தட்டி, குறி மாற்றும் விசையை (கூட்டலும் கழித்தலும் சேர்ந்து அச்சிட்டது) அழுத்தி, பிவியில் போடுங்கள். இப்போது 12.25 சதவீதம் வரும். கழித்தல் செய்யும் விசை வேறு, குறி மாற்றும் விசை வேறு. முதல் வாரத்தில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

கடன் கணக்கில் சிபிடி பிஎம்டி எடுத்த கையோடு செகண்ட், பிவி அழுத்தினால் (மேலே அமார்ட் என்று இருக்கும்) தவணைப் பிரிப்பு கிடைக்கும். பி1 என்று கேட்கும் இடத்தில் 1, என்டர், கீழ் அம்பு, பி2 இடத்தில் 12, என்டர், மீண்டும் கீழ் அம்பு. முதல் ஆண்டு முடிவில் மீதிக் கடன் சுமார் 4,22,355 என்று வரும். அடுத்தடுத்த அம்புகளில் அசல், வட்டி. ஓராண்டில் கட்டிய ஏறத்தாழ 1,33,467இல் வட்டி மட்டும் 55,822 போல. கணக்கியல் பாடத்தில் கடனைப் பதிவு செய்யும்போது இந்தப் பிரிப்பு அப்படியே தேவைப்படும்.

எங்கே தவறு நடக்கிறது

முதலாவது, பழைய எண்கள். கருவியை அணைத்தாலும் ஐந்து விசைகளிலும் போட்ட எண்கள் அழியாது. சிஇ/சி அழுத்தினால் திரைதான் சுத்தமாகும், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். முந்தைய கணக்கின் பிஎம்டி உள்ளே கிடந்தபடி அடுத்த கணக்கில் பிவி கேட்டால், இரண்டையும் சேர்த்து ஒரு விடை வரும். திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. செகண்ட், சிஎல்ஆர் டிவிஎம் என்பது ஒவ்வொரு கணக்கின் முதல் அசைவாக வேண்டும். தேவையில்லாத விசையிலும் 0 போடும் பழக்கம் இரண்டாவது காப்பு.

இரண்டாவது, பி/ஒய். மேலே சொன்ன கடனில் பி/ஒய் 12 என்று கிடந்து, நீங்கள் மாத வட்டி 1 என்று போட்டால், கருவி அதை ஆண்டு வட்டி என்று எடுத்து 12 ஆல் வகுக்கும். விடை 8,546.87. பார்வைக்கு ஒரு தவணைத் தொகை போலவே இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஒரு குத்துமதிப்புச் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள்: 5,00,000ஐ 60 ஆல் வகுத்தால் வட்டியே இல்லாமல் 8,333. முதல் மாத வட்டி மட்டும் 5,000. இத்தனை வட்டி இருக்கும் கடனுக்குத் தவணை 8,333ஐ ஒட்டி இருக்க முடியாது. விடையைக் கருவியிடம் கேட்கும் முன் அது எந்த வட்டாரத்தில் இருக்கும் என்று ஒரு விநாடி யோசிப்பவர் இதில் மாட்டமாட்டார். இன்ஜினியரிங் படித்தவர்கள் சிலரிடம் முன்கூட்டியே இருக்கும் உண்மையான சாதகம் இந்த ஒரு பழக்கம்தான், அதையும் இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிஜிஎன். வாடகை, காப்பீட்டுப் பிரீமியம், குத்தகை போன்றவை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுபவை. மேற்சொன்ன கடனையே பிஜிஎன்னில் போட்டால் தவணை 11,012.10 ஆகக் குறையும். வித்தியாசம் 110 மட்டும். பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் அந்த இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். குத்தகைக் கணக்கை முடித்ததும் எண்ட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நான்காவது தவறுதான் ஆழமானது. கருவியின் மேல் பழி போட முடியாதது. தவணைத் தொடரின் பிவி எந்தத் தேதியில் விழுகிறது? எண்ட் நிலையில், முதல் தவணைக்கு ஒரு காலம் முன்பு. நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளின் முடிவில் 1,000 வீதம் வருகிறது, விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 என், 10 ஐ/ஒய், 1,000 பிஎம்டி, சிபிடி பிவி என்றால் 2,486.85. இது இன்றைய மதிப்பு அல்ல, மூன்றாம் ஆண்டு முடிவில் உள்ள மதிப்பு. அதை மேலும் மூன்று ஆண்டு பின்னால் கொண்டுவந்தால் 1,868.41. ‘நான்காம் ஆண்டு’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு நான்கு ஆண்டு பின்னால் இழுப்பவர்களுக்கு 1,698.55 வரும். காகிதத்தில் ஒரு கோடு போட்டு, 0 முதல் 6 வரை குறித்து, வருவதை மேல்நோக்கிய அம்பாகவும் போவதைக் கீழ்நோக்கிய அம்பாகவும் வரைந்தால் இந்தத் தவறு நடக்காது. அந்தக் கோட்டைப் போடாமல் கால்குலேட்டரைத் தொடக்கூடாது என்ற விதியை முதல் பருவம் முழுக்கக் கடைப்பிடியுங்கள்.

பணவரவுப் பட்டியல்

ஆண்டுக்கு ஆண்டு மாறும் தொகைகளுக்கு ஐந்து விசைகள் போதாது. அதற்கு சிஎஃப் (தொகைகளைப் பதிய), என்பிவி (வரவு செலவு எல்லாவற்றின் நிகர இன்றைய மதிப்பு), ஐஆர்ஆர் (அந்த நிகர மதிப்பு பூஜ்யமாகும் வட்டி விகிதம்) என்ற மூன்று விசைகள். தொடக்கத் தொகை போக 24 வெவ்வேறு தொகைகள் வரை போடலாம். ஒரே தொகை தொடர்ந்து வந்தால் எத்தனை முறை என்று எஃப்01, எஃப்02 இடங்களில் குறிக்கலாம்.

இன்று 1,000 செலவு, அடுத்த மூன்று ஆண்டுகளில் 400, 500, 600 வரவு என்று ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சிஎஃப் அழுத்தி, உடனே செகண்ட், சிஇ/சி (மேலே சிஎல்ஆர் வொர்க்). இங்கே துடைக்காமல் விட்டால் முந்தைய கணக்கின் நான்காம், ஐந்தாம் ஆண்டுத் தொகைகள் வாலாகத் தொங்கும். சிஎல்ஆர் டிவிஎம் இதைத் துடைக்காது. இரண்டும் தனித்தனி அறைகள். பிறகு 1,000, குறி மாற்றம், என்டர். கீழ் அம்பு, 400, என்டர். இரண்டு முறை கீழ் அம்பு, 500, என்டர். இரண்டு முறை கீழ் அம்பு, 600, என்டர். பட்டியல்களில் என்டர் கட்டாயம். ஐந்து விசைகளுக்கு என்டர் வேண்டாம் என்று பழகியவர்கள் இங்கே அம்பை மட்டும் அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள், எண் பதிவாகாது. எனவே போட்டு முடித்ததும் மேல் அம்பில் ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்ப்பது நல்லது.

என்பிவி அழுத்தி, 10, என்டர், கீழ் அம்பு, சிபிடி: 227.65. ஐஆர்ஆர், சிபிடி: 21.65 சதவீதம். ஓர் ஆண்டில் வரவே இல்லை என்றால் அந்த இடத்தில் 0 போட வேண்டும். தாண்டிப் போனால் அடுத்த ஆண்டின் பணம் ஓராண்டு முன்னே வந்துவிடும். முன்பு பார்த்த நான்கு-ஐந்து-ஆறு ஆண்டுக் கணக்கையும் இதிலேயே சரிபார்க்கலாம்: தொடக்கம் 0, முதல் தொகை 0, மூன்று முறை, இரண்டாம் தொகை 1,000, மூன்று முறை, 10 சதவீதத்தில் 1,868.41 வரும். இரு வழியில் ஒரே விடை வந்தால் கோடு சரியாக வரையப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கருவியின் நிஜமான குறை ஒன்று இங்கே உண்டு. தொடக்கத்தில் 100 செலவு, அடுத்த ஆண்டு 230 வரவு, அதற்கடுத்த ஆண்டு 132 செலவு என்று ஒரு திட்டத்தைப் போட்டுப் பாருங்கள். இதற்கு ஐஆர்ஆர் 10 சதவீதமும் சரி, 20 சதவீதமும் சரி. கருவி ஒன்றை மட்டும் காட்டும். இன்னொன்று இருக்கிறது என்று சொல்லாது. குறி ஒருமுறைக்கு மேல் மாறும் திட்டம் என்றால் ஐஆர்ஆரை ஒதுக்கிவிட்டு என்பிவியை வெவ்வேறு விகிதங்களில் எடுக்க வேண்டும். 5 சதவீதத்தில் இந்தத் திட்டம் நட்டம், 15இல் சிறிய லாபம், 25இல் மறுபடி நட்டம். மூன்று விகிதங்களையும் என்பிவி பட்டியலிலேயே மாற்றி மாற்றிப் போடலாம், தொகைகளை மீண்டும் தட்ட வேண்டியதில்லை. இதைக் கையால் செய்து பார்த்தவர் ‘ஐஆர்ஆர் அதிகமானதைத் தேர்ந்தெடு’ என்ற குறுக்குவழியை அதன்பின் கண்ணை மூடிக்கொண்டு நம்பமாட்டார்.

மற்ற பாடங்களுக்கு

செகண்ட் விசைக்கு அடியில் சில சிறு பட்டியல்கள் இருக்கின்றன. பிரேக்ஈவன் (லாபமும் நட்டமும் இல்லாத விற்பனை அளவு) பட்டியல் செலவுக் கணக்கியலுக்கும் மார்க்கெட்டிங் கேஸ் ஸ்டடிகளுக்கும் உதவும்: நிலைச் செலவு 60,000, ஒரு பொருளின் மாறும் செலவு 30, விலை 50, லாபம் 0 என்றால் 3,000 பொருள், லாபம் 20,000 வேண்டும் என்றால் 4,000. இவ்வளவு எளிய கணக்கை மனதிலேயே போடப் பழகுவது மேல். ஐகான்வ் பட்டியல் பெயரளவு ஆண்டு வட்டியை, கூட்டு வட்டியோடு ஓராண்டில் மொத்தமாகச் சேரும் வட்டியாக மாற்றும். மாதாமாதம் கூட்டு வட்டி கணக்கிட்டால் 12 சதவீதம் 12.68 ஆகிறது. தேய்மானப் பட்டியலும் உண்டு. கடன்பத்திரத்துக்குத் தனிப் பட்டியல் இருந்தாலும் அது தேதிகளைக் கேட்கும். வகுப்புக் கணக்குகளுக்கு ஐந்து விசைகளே வசதி: 5 என், 10 ஐ/ஒய், 80 பிஎம்டி, 1,000 எஃப்வி என்றால் விலை 924.18.

புள்ளியியலுக்கு இந்தக் கருவி போதாது. 50 தரவுகள் வரை போட்டு சராசரி, திட்ட விலக்கம், ஒற்றை மாறி ரிக்ரெஷன் (ஒரு மாறியை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் கோடு) எடுக்கலாம். எஸ்எக்ஸ், சிக்மாஎக்ஸ் என்று இரண்டு திட்ட விலக்கம் காட்டும். 2, 4, 4, 6 என்ற எண்களுக்கு முதலாவது 1.633, இரண்டாவது 1.414. மாதிரி என்றால் முதலாவது, முழுத் தொகுதி என்றால் இரண்டாவது. ஆனால் இயல்நிலைப் பரவலின் நிகழ்தகவை இதில் எடுக்க முடியாது. பல மாறி ரிக்ரெஷன் இல்லை. ஆபரேஷன்ஸ் பாடத்தின் நேரியல் திட்டமிடலுக்கு எதுவுமே இல்லை. அவற்றுக்கெல்லாம் எக்செல்தான். தரவைத் தட்டிய பிறகு ஓர் எண் தவறு என்று தெரிந்தால் சின்னத் திரையில் தேடித் திருத்துவதும் சலிப்பான வேலை.

எக்செல் இருக்க இது எதற்கு?

நியாயமான கேள்வி. வேலையில் சேர்ந்த பிறகு எக்செல்தான் எல்லாம். இருந்தும் இரண்டு காரணங்கள். நிதித் தேர்வுகளில் கணினியும் கைபேசியும் பெரும்பாலும் அனுமதிக்கப்படுவதில்லை. நிதித் துறையில் தொடர எண்ணுபவர்கள் எழுதும் சிஎஃப்ஏ (முதலீட்டுப் பகுப்பாய்வாளர்களுக்கான சர்வதேசத் தகுதி) தேர்வில் அனுமதிக்கப்படும் கருவிகளில் இதுவும் ஒன்று. இரண்டாவது காரணம், இங்கே பழகியது அப்படியே எக்செலுக்குப் போகிறது. ஐந்து விசைகளும் அங்கே என்பிஇஆர், ரேட், பிவி, பிஎம்டி, எஃப்வி என்ற சார்புகளாக இருக்கின்றன. பிஎம்டி சார்பில் 1%, 60, 500000 என்று கொடுத்தால் அதே கழித்தல் 11,122.22 வரும். குறி விதி ஒன்றே. கடைசியாகக் கொடுக்கும் 0 அல்லது 1தான் எண்ட், பிஜிஎன்.

ஒரே ஓர் இடத்தில் இரண்டும் பிரிகின்றன, அங்கே கவனம். எக்செலின் என்பிவி சார்பு முதல் தொகையை இன்றைய தொகையாகப் பார்ப்பதில்லை, ஓராண்டு கழித்து வருவதாகப் பார்க்கிறது. முன்பு பார்த்த 1,000, 400, 500, 600 திட்டத்தின் நான்கு தொகைகளையும் அதற்குள் போட்டால் 227.65க்குப் பதில் 206.95 வரும். முதல் தொகையை வெளியே வைத்துக் கூட்ட வேண்டும். கால்குலேட்டரில் தொடக்கத் தொகையை சிஎஃப்0 என்று தனியாகப் போட்டுப் பழகியவருக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். எக்செலில் மட்டும் பழகியவர் இதைப் பெரும்பாலும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்.

வேறு கருவிகள்

இதே நிறுவனத்தின் புரொஃபஷனல் மாடலில் திருத்திய ஐஆர்ஆர், பணம் திரும்பும் காலம் போன்றவை கூடுதலாக உண்டு. வசதிதான், முதல் ஆண்டுக்கு அவசியமில்லை. பணம் திரும்பும் காலத்தைக் கையால் போடுவதே நல்லது.

எச்பி 12சி 1981இல் வெளிவந்து இன்னும் புழக்கத்தில் இருக்கும் கருவி. சிஎஃப்ஏ தேர்விலும் அனுமதி உண்டு. அதில் சமக்குறி விசையே கிடையாது. 2, என்டர், 3, கூட்டல் என்று எண்கள் முதலிலும் செயல் கடைசியிலும் வரும். ‘இரண்டையும் மூன்றையும் கூட்டு’ என்று சொல்லும் வரிசை அது. சொல்லப்போனால் தமிழ் வாக்கியத்துக்கு நெருக்கமானது. பழகியவர்கள் அதை விடமாட்டார்கள். ஆனால் வகுப்பில் சுற்றி இருப்பவர்களிடம் பிஏ டூ பிளஸ் இருக்கும்போது தனியாக 12சி வைத்திருப்பவர் சந்தேகம் கேட்க ஆளில்லாமல் போவார். இன்னொரு வினோதமும் உண்டு: காலத்தைக் கண்டுபிடிக்கும்போது 12சி அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிவிடும். 10 சதவீதத்தில் பணம் இரட்டிப்பாக பிஏ டூ பிளஸ் 7.27 என்று சொல்லும், 12சி 8 என்று சொல்லும். கல்லூரி வேறு ஏதாவது குறிப்பிட்டுச் சொல்லாதவரை புதியவருக்கு பிஏ டூ பிளஸ்தான் எங்கள் பரிந்துரை.

கைபேசிச் செயலியாக வாங்கிப் பழகுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தேர்வறைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. கண்ணாடித் திரையில் பழகிய விரல் நிஜ விசைகளில் தடுமாறும்.

எப்போது வாங்குவது, எவ்வளவு பழகுவது

வகுப்பு தொடங்க மூன்று வாரம் முன்பு போதும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம். முதல் வாரம் ஐந்து விசைகள் மட்டும், அதுவும் இரண்டு அல்லது மூன்று தவணை உள்ள சிறு கணக்குகள். ஒவ்வொன்றையும் முதலில் காகிதத்தில் கையால் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு கருவியில். இரண்டாம் வாரம் பிஜிஎன், தள்ளித் தொடங்கும் தவணைகள், கடன் பிரிப்பு. மூன்றாம் வாரம் பணவரவுப் பட்டியல், அதே கணக்கை எக்செலிலும். வணிகவியல் படித்தவர்களுக்குத் தவணையும் தேய்மானமும் பழகியவை என்பதால் முதல் வாரத்தை இரண்டு நாளில் முடித்துவிட்டுப் புள்ளியியல் பக்கம் அதிக நேரம் கொடுக்கலாம். நிதிப் பாடத்தையே இரண்டாம் பருவத்தில் வைத்திருக்கும் கல்லூரி என்றால் அவசரமே இல்லை. அந்த மூன்று வாரத்தை எக்செலுக்கும் புள்ளியியலுக்கும் கொடுப்பது லாபம்.

பேட்டரி சிஆர்2032 நாணய வகை. ஏறக்குறைய பத்து நிமிடம் தொடாவிட்டால் கருவி தானாக அணைந்துவிடும், எனவே நீண்ட நாள் வரும். பேட்டரியை மாற்றினாலும், செகண்ட், ரீசெட், என்டர் அழுத்தினாலும் அமைப்புகள் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். தேர்வறையில் நினைவகத்தை அழிக்கச் சொன்னால் உட்கார்ந்ததும் தசமம் 9, ஏஓஎஸ், பி/ஒய் 1, எண்ட் என்ற நான்கையும் மறுபடி வைக்க வேண்டும். அதை அரை நிமிடத்தில் செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

முந்தைய ஆண்டு மாணவரிடம் பழையதை வாங்குவது புத்திசாலித்தனம்தான். இதில் தேய்ந்துபோகும் பாகம் விசைகள் மட்டுமே. கையில் வாங்கியதும் 1 முதல் 9 வரை வேகமாகத் தட்டி எல்லா எண்ணும் பதிவாகிறதா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டாலும் வேண்டாம். தேர்வு வேகத்தில் அந்த விசை கவிழ்த்துவிடும். அம்புகளையும் என்டரையும் தனியாகச் சோதியுங்கள். பிறகு ரீசெட் செய்து, சிஎல்ஆர் டிவிஎம் போட்டு, 60 என், 1 ஐ/ஒய், 5,00,000 பிவி, சிபிடி பிஎம்டி. கழித்தல் 11,122.22 வந்தால் எடுத்துக்கொள்ளலாம். 8,546.87 வந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், கருவியில் கோளாறு இல்லை; பி/ஒய் 12 என்று தொடங்கும் பழைய வகை அது. முதலில் அதை 1 ஆக்கிவிடுங்கள்.